உமியும் கரியும்: கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் உயிர்க்கரியின் வரலாற்றுப் பின்புலம்

ஆய்வுச் சுருக்கம்

பயிர்க்கழிவைக் காற்றுக் குறைந்த வெப்பத்தில் கரியாக்கி மண்ணில் இடும் 'உயிர்க்கரி' முறையை இந்திய ஊர்ப்புறங்களுக்குக் கொண்டுசென்றதில் தன்னார்வ நிறுவனங்களின் பங்கு பெரிது. மண்வளம் பெருகும், வளிமண்டலக் கரிமம் குறையும் என்னும் இரு பயன்களை முன்வைத்து அம்முறை பரப்பப்படுகிறது. காவிரிப் படுகையில், குறிப்பாகப் பட்டுக்கோட்டையை உள்ளடக்கிய கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில், இதற்கு எத்தகைய இடம் உண்டு என்பதை மண், பயிர்க்கழிவு, நிலவுரிமை ஆகிய மூன்றின் வரலாற்றோடு பொருத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. கரி சுடும் நுட்பத்தைவிட, எந்த மண், யாருடைய கழிவு, யாருடைய நிலம் என்னும் வினாக்களே இம்முறையின் பயனைத் தீர்மானிக்கின்றன என்பது கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: உயிர்க்கரி, உமிக்கரி, புதிய டெல்டா, பட்டுக்கோட்டை, தன்னார்வ நிறுவனங்கள், குத்தகை

சொல்லும் பொருளும்

'பயோசார்' என்னும் ஆங்கிலச் சொல்லுக்கு அண்மைக் காலத்தில் வழங்கத் தொடங்கிய தமிழாக்கமே உயிர்க்கரி. சொல் புதிது, பொருள் பழையது. நெல் விளையும் ஊர்களில் பற்பொடியும் பற்பசையும் பரவும்வரை உமிக்கரி கொண்டே பல் துலக்கினர். இராமநாதபுரம், சிவகங்கை வட்டாரங்களில் விறகை அடுக்கி மண்ணால் மூடிச் சுடும் 'கரிமூட்டம்' இன்றும் பலருக்குப் பிழைப்பு. விறகோ உமியோ திறந்த வெளியில் எரிந்தால் சாம்பல் மிஞ்சும். காற்று மிகக் குறைவாகப் புகுமாறு ஏறத்தாழ 350 முதல் 700 பாகை செல்சியசு வெப்பத்தில் சுடப்பட்டால் கரி மிஞ்சும். சாம்பலில் கரிமம் பெரும்பாலும் தங்குவதில்லை. கரியிலோ, சுடும் முறைக்கேற்ப, மூலப்பொருளின் கரிமத்தில் பாதியை ஒட்டிய அளவு தங்கிவிடுகிறது.

அவ்வாறு தங்கிய கரிமம் எளிதில் மட்குவதில்லை என்பதே காலநிலை அறிவியலார் இதன்பால் ஈர்க்கப்பட்டதற்குக் காரணம். முந்தைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து 2016-இல் வெளியான ஆய்வொன்று, மண்ணிலிட்ட கரியின் 97 விழுக்காடு சராசரியாக 556 ஆண்டுகள் நிலைக்கும் எனக் கணித்தது. தமிழியல் ஆய்வாளர்க்கு இச்செய்தி வியப்பளிக்க வேண்டியதில்லை. கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட கரித்துண்டு பொ.ஆ.மு. 580-ஐச் சார்ந்தது எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019-இல் அறிவித்தது. மண்ணில் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேல் மட்காது கிடந்ததனால்தான் அது காலக்கணிப்புக்கு உதவிற்று. கரி என்னும் சொல் திருக்குறளில் 'சான்று' என்னும் பொருளில் ஆளப்பட்டிருப்பதை ஈண்டு நினைவுகூரலாம்.

உலக அளவில் இம்முறைக்கு முன்னோடியாகச் சுட்டப்படுவது அமேசான் காட்டின் கருமண். சுற்றியுள்ள வெளிறிய மண்ணினின்று வேறுபட்டு, கரித்துகளும் மட்பாண்டச் சில்லும் எலும்பும் கலந்து வளமுடன் விளங்கும் அம்மண், பழங்குடி மக்களின் வாழ்விடங்களில் உருவானது. டச்சு மண்ணியலாளர் விம் சோம்புரூக் 1966-இல் வெளியிட்ட அமேசான் மண்வகை பற்றிய நூல் இதன்பால் கவனத்தைத் திருப்பியது. 2006-இல் பிலடெல்பியாவில் நடந்த உலக மண்ணியல் மாநாட்டையொட்டிப் பன்னாட்டு உயிர்க்கரி முன்னெடுப்பு என்னும் அமைப்பு தோன்றியது. அதன்பின் அமேசான் கதையே எல்லா நாட்டுப் பயிற்சிக் கையேடுகளுக்கும் முகவுரை ஆயிற்று. அமில மண்ணும் பெருமழையும் கொண்ட ஒரு நிலத்தின் வரலாறு காவிரி வண்டலுக்கு எவ்வளவு தூரம் பொருந்தும் என்பது அக்கையேடுகளில் அரிதாகவே கேட்கப்படும் வினா.

படுகையின் எரு வரலாறு

காவிரிப் படுகையின் மண்வளம் ஆற்றை மட்டும் நம்பி நின்றதன்று. வெள்ளம் கொணர்ந்த வண்டலோடு, கோடையில் இராமநாதபுரத்துக் கீதாரிகள் ஓட்டிவந்து அடைத்த ஆட்டுக்கிடை, வீட்டுக் கொல்லையின் எருக்குழி, வயலில் மடக்கி உழப்பட்ட கொழுஞ்சியும் சணப்பையும் ஆகியவை சேர்ந்தே அதனைக் காத்தன. 'அடி காட்டுக்கு, நடு மாட்டுக்கு, நுனி வீட்டுக்கு' என்னும் முதுமொழி பயிரின் எப்பகுதி யாருக்குரியது என்பதை வரையறுக்கிறது. நிலம், கால்நடை, மனிதர் ஆகிய மூவரும் ஒரே பயிருக்கு உரிமையாளர்கள் என்னும் பொருளாதாரக் கோட்பாடு அதில் அடங்கியுள்ளது. அடுப்பு அதில் நான்காவது உரிமையாளராக எண்ணப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது. நடைமுறையில் அடுப்பே வலிமை மிக்க போட்டியாளராக இருந்துவந்துள்ளது.

இப்போட்டியை ஆவணப்படுத்தியவருள் முதன்மையானவர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கர். இங்கிலாந்து அரச வேளாண் கழகத்தின் வேதியியல் அறிஞராகிய இவர் 1889-இன் இறுதியில் இந்தியா வந்து ஓராண்டுக்கு மேல் பயணம் செய்து, 1893-இல் இந்திய வேளாண்மை மேம்பாடு பற்றிய அறிக்கையை வெளியிட்டார். இந்திய உழவர் அறியாமையால் சாணத்தை எரிக்கின்றனர் என்னும் அக்கால அலுவலர் கூற்றை அவர் ஏற்கவில்லை. விறகு கிடைக்காததனாலேயே வரட்டி எரிகிறது. ஆதலின் எரிபொருளுக்கும் தீவனத்துக்குமென ஒதுக்குக்காடுகள் வேண்டும் என்று பரிந்துரைத்தார். மேற்குக் கடற்கரைப் பகுதியில் நாற்றங்கால் மண்ணின்மீது சாணமும் தழையும் பரப்பித் தீயிடும் 'ராப்' முறையையும் அவர் விரிவாக நோக்கினார். மண்ணை வளப்படுத்தத் தீயைப் பயன்படுத்தும் மரபு இந்திய நெல் வேளாண்மைக்கு அயலானதன்று என்பதற்கு இது சான்றாகும். எனினும் ராப் என்பது கரியாக்கம் அன்று. இரண்டையும் ஒன்றாக்கி 'நம் முன்னோர் அறிந்த உயிர்க்கரி' என்று எழுதுவது வரலாற்றுக்குப் பொருந்தாது.

இருபதாம் நூற்றாண்டில் எரு வரலாற்றின் போக்கு மாறியது. 1934-இல் திறக்கப்பட்ட மேட்டூர் அணை, நீரை முறைப்படுத்தியதோடு வண்டலின் ஒரு பகுதியைத் தன்னுள் தேக்கிக்கொண்டது. 1960-இல் தொடங்கிய தீவிர வேளாண் மாவட்டத் திட்டத்துக்கு இந்திய அளவில் முதலில் தெரிவான ஏழு மாவட்டங்களுள் தஞ்சாவூரும் ஒன்று. ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையத்தின் ஏ.டி.டி. 27 போன்ற குறுகிய கால வகைகள், கடன், இரசாயன உரம் ஆகியவை ஒரே தொகுப்பாக உழவரைச் சென்றடைந்தன. உழுமாட்டின் இடத்தை இழுவை எந்திரம் பிடித்தபின் தொழுவம் சுருங்கியது. தொழுவம் சுருங்கவே எருக்குழியும் தூர்ந்தது. உயிர்க்கரி பேசும் நிறுவனங்கள் 'மண்ணில் கரிமம் குறைந்துவிட்டது' என்று தொடங்கும்போது, அக்குறைவுக்குப் பின்னே இந்த அரை நூற்றாண்டு மாற்றம் உள்ளது.

இரு டெல்டாக்கள்

காவிரிப் படுகையை ஒரே மண்ணாகக் கருதுவது பெரும்பிழை. கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் எனக் கிழக்கே விரியும் பழைய டெல்டா களிமண் மிகுந்தது. பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு, பேராவூரணி வட்டங்களோ காவிரி–மேட்டூர்த் திட்டத்தின்கீழ் வெட்டப்பட்ட கல்லணைக் கால்வாயால் 1934-க்குப்பின் ஆற்றுப்பாசனம் பெற்ற புதிய டெல்டா. மூன்று லட்சம் ஏக்கரை ஒட்டிய புதுப்பாசனம் அத்திட்டத்தின் இலக்கு. அதற்கு முன் மானாவாரியும் ஏரிப்பாசனமுமாக இருந்த இந்நிலம் பெரும்பாலும் செம்மண்ணும் மணற்பாங்கான மண்ணும் கொண்டது. மண் வகைப்பாட்டில் 'களத்தூர்' வரிசை பழைய டெல்டாவின் கருங்களியைக் குறிக்கிறது. 'மதுக்கூர்', 'பட்டுக்கோட்டை' என்னும் ஊர்ப்பெயர் தாங்கிய வரிசைகள் புதிய டெல்டாவின் செம்மண்ணைக் குறிக்கின்றன. தூர்வாரிய வாய்க்காலில் நீர் வந்தாலும் அதைப் பிடித்துவைக்க இம்மண்ணுக்கு ஆற்றல் குறைவு.

இவ்வேறுபாடு உயிர்க்கரிக்கு அடிப்படையானது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவன அறிஞர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இங்குப் பெரிதும் பயன்படும். பிலிப்பைன்சில் இரண்டு இடங்களிலும் வடகிழக்குத் தாய்லாந்தின் உபோன் பகுதியிலும் அவர்கள் உமிக்கரியை நெல் வயலில் இட்டுப் பல பருவங்கள் கவனித்தனர். வளமிக்க மண்ணில் விளைச்சல் கூடவில்லை, குறைந்ததும் உண்டு. உபோனின் மெலிந்த மண்ணில் மட்டும் 16 முதல் 35 விழுக்காடு வரை கூடியது. வெப்ப மண்டலத்தில் உயிர்க்கரி சராசரியாக 25 விழுக்காடு விளைச்சலைக் கூட்டுகிறது என்னும் 2017-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வும், அப்பயன் அமிலத்தன்மை கொண்ட, வளங்குறைந்த மண்ணுக்குரியது என்றே விளக்குகிறது. கரி பொதுவாகக் காரத்தன்மை உடையது. ஏற்கனவே காரம் ஏறிய கடைமடைக் களிமண்ணில் அதனைக் கண்டபடி இடுவது நோய்க்கு மாறான மருந்து. ஆக, படுகையில் உயிர்க்கரிக்கு இயல்பான இடம் உண்டெனில் அது கும்பகோணத்தைவிடப் பட்டுக்கோட்டைக்கே நெருக்கமானது.

ஆயினும் அளவு என்னும் தடை நிற்கிறது. மேற்சொன்ன ஆய்வில் எக்டேருக்கு இடப்பட்ட உமிக்கரி 40 டன்னை ஒட்டியது. எக்டேருக்கு 5 டன் நெல் விளைகிறது என்று கொண்டால், நெல்லெடையில் ஐந்தில் ஒரு பங்காகிய உமி 1 டன். அதைச் சுட்டால் கிடைப்பது தோராயமாக 0.4 டன் கரி. ஆகவே ஒரு வயலின் உமியை மட்டும் கொண்டு அவ்வயலுக்கு 40 டன் கரியிட நூறு போகங்கள் வேண்டும். இருபோகம் விளைந்தாலும் அரை நூற்றாண்டு! ஒரு வயலை விரைவில் வளப்படுத்த வேண்டுமெனில் வேறு பல வயல்களின் கழிவை அங்கே குவித்தாக வேண்டும். அமேசான் கருமண்ணும் அவ்வாறு குவிந்ததே; அது வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட உணவு, விறகு, எலும்பு ஆகியவை சேர்ந்த வாழிட மண். 'உங்கள் கழிவை உங்கள் மண்ணுக்கே திருப்புங்கள்' என்னும் பரப்புரை வாசகத்தில் இக்கணக்கு மறைந்துவிடுகிறது.

தன்னார்வ நிறுவனங்களின் தடங்கள்

இந்திய நிறுவனங்கள் கரியை நாடியது தொடக்கத்தில் மண்ணுக்காக அன்று. புனேயில் 1996-இல் தொடங்கப்பெற்ற ஆர்த்தி என்னும் ஊரகத் தொழில்நுட்ப நிறுவனம், வயலில் வீணே கொளுத்தப்பட்ட கரும்புச் சோகையைக் கரியாக்கி அடுப்புக்கட்டியாக மாற்றும் சூளையை உருவாக்கியது. அதற்காக 2002-இல் பிரித்தானியாவின் ஆஷ்டன் விருதைப் பெற்றது. அங்கே கரி என்பது சமையல் எரிபொருள். பயனாளி புகையில் வெந்த இல்லத்தரசி. பின்னர் அவ்வட்டத்தைச் சேர்ந்த பிரியதர்சினி கார்வே முதலானோர் ஆசிய பசிபிக் நாடுகள் சிலவற்றை இணைத்த ஆய்வுத்திட்டத்தில் கரியை மண்ணுக்கு இடும் சோதனையில் ஈடுபட்டனர். சுட்ட கரியை வயலுக்குக் கொடுப்பதா, அடுப்புக்கு விற்பதா என்னும் வினா இங்குதான் முளைக்கிறது. வோல்க்கர் 1893-இல் சாணத்தைப் பற்றிக் கேட்டதும் இதே வினாதான்.

இரண்டையும் இணைக்க முயன்றது மைசூரைச் சேர்ந்த யு.என். இரவிக்குமார் வடிவமைத்த 'அனிலா' அடுப்பு. உட்கலத்தில் விறகு எரிய, சுற்றுக்கலத்தில் இட்ட உமியோ சருகோ கரியாகிறது. சமையலும் முடிகிறது, கரியும் கிடைக்கிறது. ஐதராபாத்தில் புவிச்சூழல் ஆற்றல் அமைப்பை நடத்திய என். சாய் பாஸ்கர் ரெட்டி இன்னும் பரந்த அளவில் செயல்பட்டார். எளிய அடுப்புகள் பலவற்றை வடிவமைத்ததோடு, கரியைத் தனியே இடாமல் தொழுவுரத்தோடும் சிறுநீரோடும் கலந்து ஊறவைத்து இடவேண்டும் என்பதைத் தெலங்கானா ஊர்களில் செய்துகாட்டினார். புதிய கரி தழைச்சத்தைத் தன்பால் ஈர்த்துப் பயிரைப் பட்டினி போடக்கூடும் என்பதால் இக்கலவை முறை இன்றியமையாதது. எருக்குழியில் அடுப்புச் சாம்பலும் கரித்தூளும் சாணமும் ஒன்றாக விழுந்த பழைய வழக்கத்தை இது நினைவூட்டுகிறது. அவர் பணியின் சிறப்பு, கரியைத் தனிமருந்தாக அன்றி எருவின் ஒரு கூறாகக் கண்டதில் உள்ளது.

அரசு ஆய்வு நிறுவனங்களும் பின்தங்கவில்லை. ஐதராபாத்திலுள்ள மத்திய மானாவாரி வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் பருத்தி, ஆமணக்கு, துவரை மார்களைச் சுடும் எளிய உலையை வடிவமைத்தது. கோவை வேளாண் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சீமைக்கருவேலம், தேங்காய்ச் சிரட்டை, உமி முதலியவற்றின் கரியை 2012-அளவில் ஒப்பிட்டு ஆராய்ந்தனர். மறுபுறம், உயிர்க்கரிக்குக் கரிமச் சந்தையில் இடமளித்தால் ஏழை நாடுகளின் நிலம் கரித்தோட்டமாகிவிடும் என எச்சரித்து 2009-இல் உலகச் சூழலியல் அமைப்புகள் பல கூட்டறிக்கை வெளியிட்டன. பரப்புவோரும் எதிர்ப்போரும் தன்னார்வ நிறுவனங்களே என்பதால், இவற்றை ஒரே குரலாகக் கருதி எழுதும் ஆய்வுகள் இவ்வரலாற்றின் பாதியை இழந்துவிடுகின்றன.

பட்டுக்கோட்டை: தென்னையும் புயலும்

இயற்கை வேளாண் அறிஞர் கோ. நம்மாழ்வார் 2013 டிசம்பர் 30 அன்று மறைந்தது பட்டுக்கோட்டையை அடுத்த அத்திவெட்டியில். படுகையில் மீத்தேன் எடுக்கும் திட்டத்திற்கு எதிரான பரப்புரைப் பயணத்தின்போது அவர் அங்குத் தங்கியிருந்தார். கழிவை எரிக்காது மூடாக்காகப் பரப்பி மண்ணுயிர்களுக்கு உணவாக்குவது அவர் போதித்த நெறி. உயிர்க்கரியாளர் நிலைத்த கரிமத்தை நாடுகின்றனர். மூடாக்கு மரபோ மட்கும் கரிமத்தை நாடுகிறது. மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் உணவாவது மட்குவதே. கரி அவற்றுக்கு உறைவிடமாகலாம், உணவாகாது. மண்வளத்தையும் காலநிலைக் காப்பையும் ஒரே மூச்சில் கூறும் பரப்புரையில் இவ்விரண்டும் சில நேரம் ஒன்றையொன்று விலக்கும் என்பது சொல்லப்படுவதில்லை. படுகை உழவரிடையே நம்மாழ்வாரின் செல்வாக்கு ஆழமானது. அங்குக் கரியைக் கொண்டுவரும் எந்நிறுவனமும் தீயிடுதலுக்கு முதலில் விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும்.

கரியாக்கத்துக்கு எஞ்சும் கழிவு இவ்வட்டாரத்தில் எது? உமி புழுங்கல் அரிசி ஆலைக் கொதிகலனுக்கும் செங்கற்சூளைக்கும் விலைபோகிறது. வைக்கோல் கட்டுகளாகி மாட்டுத்தீவனமாக வெளியூர் செல்கிறது. தேங்காய்ச் சிரட்டையைக் காங்கேயம் வட்டாரக் கரித்தொழில் வாங்கிக்கொள்கிறது; உரிமட்டை கயிற்றுத் தொழிலுக்குப் போகிறது. எஞ்சுவன ஓலை, மட்டை, பாளை, பன்னாடை. நன்கு வளர்ந்த தென்னை ஆண்டுக்குப் பன்னிரண்டு மட்டையளவு உதிர்க்கிறது. கிணற்று நீரை நம்பி நெல்லிலிருந்து தென்னைக்கு மாறிய இவ்வட்டாரத்தில் உயிர்க்கரிக்கு உண்மையான மூலப்பொருள் இதுவே. இதற்கும் அடுப்பு போட்டியிடுகிறது. எரிவாயு உருளை விலையேறும்போதெல்லாம் அப்போட்டி வலுக்கும்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கரைகடந்த கஜா புயல் இக்கணக்கைச் சில மணி நேரத்தில் புரட்டிப்போட்டது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு வட்டங்களில் இரு தலைமுறை உழைப்பாகிய தென்னந்தோப்புகள் வேரோடு சாய்ந்தன. தமிழ்நாடு அரசு மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயும் சேர்த்து 1,100 ரூபாய் அறிவித்தது. காய்த்துக் கொண்டிருந்த மரத்தின் மதிப்பும் அதன் உடலை அப்புறப்படுத்தும் செலவும் ஏறக்குறைய இணையாயின. கிடந்து மட்கும் தண்டில் காண்டாமிருக வண்டு பெருகும். அது புதிய கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். ஆதலின் அகற்றுவது தவிர்க்கவியலாதது. ஆயின் அவ்விழப்பீட்டுக் கணக்கில் மரம் அகற்றப்பட வேண்டிய சுமையாகவே எண்ணப்பட்டது. மெலிந்த செம்மண்ணுக்குத் திருப்பக்கூடிய கரிமமாக எண்ணப்படவில்லை. ஈரம் மிகுந்த தென்னந்தண்டைப் பிளந்து உலர்த்தாமல் நல்ல கரி எடுக்க இயலாது. வீடும் கூரையும் இழந்த குடும்பங்களிடம் அதற்குக் காலமும் இல்லை, கூலியும் இல்லை. பேரிடருக்கு முன்பே ஊரில் உலையும் பயிற்சியும் இருந்திருந்தால் அந்த 500 ரூபாய் வேறுவகையில் செலவாகியிருக்கலாம். தன்னார்வ நிறுவனம் ஒன்று இவ்வட்டாரத்தில் செய்யத்தக்க பணி இதனினும் தெளிவாக வேறெங்கும் தெரியவில்லை.

கரிமச் சந்தையும் குத்தகை நிலமும்

உயிர்க்கரிப் பணியின் பொருளாதாரம் அண்மையில் மாறிவருகிறது. 2025 சனவரியில் கூகுள் நிறுவனம், இந்தியாவின் வராஹா நிறுவனத்திடமிருந்து 2030-க்குள் ஒரு லட்சம் டன் கரிம ஈராக்சைடு நீக்கத்துக்குரிய உயிர்க்கரி வரவுகளை வாங்க உடன்பட்டது. அதன் மூலப்பொருள் குசராத்தின் சீமைக்கருவேலம். 1877-இல் சென்னை மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் விறகுக்கென விதைக்கப்பட்டு, பின்னர் தென்மாவட்டங்களை மூடிய அதே மரம், இன்று கரிம வரவாக விலைபெறுகிறது. கரிமூட்டக் கூலியாளரின் பழைய தொழிலும் இப்புதிய வணிகமும் ஒரே மரத்தை நோக்குகின்றன. தன்னார்வ நிறுவனங்கள் நன்கொடையால் தொடங்கிய பணியை நிறுவனங்கள் வணிகமாக ஏற்கும் காலம் இது.

கரிம வரவு, கரி மண்ணில் சேர்ந்து நெடுங்காலம் அங்கேயே இருக்கும் என்னும் உறுதியின்மேல் நிற்பது. அவ்வுறுதியை அளிப்பவர் யார் என்னும் வினா தஞ்சை மாவட்டத்தில் தனிக்கனம் பெறுகிறது. கோயில்களும் மடங்களும் பெருநிலக்கிழாரும் உடைமையாளராக, உழுதவர் குத்தகையாளராக இருந்த நிலம் இது. 1952-ஆம் ஆண்டுத் தஞ்சாவூர்க் குத்தகையாளர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டமும் 1955-ஆம் ஆண்டுக் குத்தகை உழவர் பாதுகாப்புச் சட்டமும் வெளியேற்றத்தைக் கட்டுப்படுத்தின. 1969-ஆம் ஆண்டுச் சட்டம் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்ற வழிசெய்தது. இவற்றுக்குப் பின்னும் வாய்மொழிக் குத்தகை மறையவில்லை. பதிந்தால் நிலம் கைவிட்டுப் போகும் என உடைமையாளர் அஞ்சுவதும், கேட்டால் அடுத்த போகத்துக்கு நிலம் கிடையாது என உழுபவர் அஞ்சுவதும் தொடர்கின்றன. தொழுவுரத்தின் பயன் ஓரிரு போகத்தில் கைக்கு வந்துவிடும். எனவே குத்தகையாளர் எரு இடுவார். நூற்றாண்டுகள் நிலைக்கும் கரியின் கூலியை அவர் ஒரே பருவத்தில் செலுத்த வேண்டும். விளைச்சல் கூடினால் அடுத்த ஆண்டு குத்தகை நெல்லும் கூடலாம். கரிம வரவுக்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் தகுதியோ பட்டாவில் பெயருள்ளவர்க்கே உண்டு. பதிவேட்டில் பெயரில்லாத உழவர் மட்டையைச் சேர்த்து, குழியிற் சுட்டு, எருவோடு கலந்து, வயலில் இடுவார். அவ்வயலின் கரிமக் கணக்கு அவர் ஒருபோதும் பார்த்திராத சிட்டாவின் எண்ணில் எழுதப்படும்.